கறை ஓரிடம், துளை வேறிடம்!

ஒழுகும் கூரையொன்றைப் பற்றி எழுதப் போகிறோம். ஓலைக் குடிசையின் கூரை அன்று. ஓட்டு வீட்டின் கூரையும் அன்று. சக்கரங்களின் மீது அமர்ந்து தெருத் தெருவாய்ச் செல்லும் மரக்கூண்டு ஒன்றின் கூரை! "இதற்குமா ஒரு கட்டுரை?" என்று ஏட்டைப் புரட்டும் தோழர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். ஒழுகிற்று கூரை, நனைந்தது நூல், பழி விழுந்தது ஒரு சிறுமியின் தலையில். விழுந்த பழியை இறக்கி வைக்க வேண்டுமானால் துளையைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற நிலை. ஆகவேதான் எழுதுகிறோம்.

வண்டியின் முதுகில் வீட்டை ஏற்றிக்கொண்டு திரிவோர் அமெரிக்காவில் ஏராளம். சிறு சரக்குந்தின் பின்தொட்டியில், கட்டிலும் அடுப்பும் சன்னலும் பொருந்திய பெட்டியொன்றைத் தூக்கி வைப்பர். கேம்பர் என்று அதற்குப் பெயர். அங்கே அது ஓய்வுக்கு, உல்லாசச் செலவுக்கு. நம் நாட்டிலோ வண்டி வீடானதும், வண்டி நூலகமானதும் வேறு தேவைகளுக்காக. 1931-இல் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபை பிள்ளை நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் 1948-இல்தான் வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே காளைகள் நூலகத்தை இழுத்துவிட்டன! பெரியார் தம் முதுமையில் வேனிலேயே நாடெங்கும் சுற்றினார். 1973-இல் தஞ்சாவூரில் நிதி திரட்டி அவருக்குப் புதிய வேன் ஒன்றை வழங்கினர். மாட்டு வண்டிக்கும் வேனுக்கும் கூரை உண்டு. அந்தக் கூரைகள் மழையில் என்ன பாடுபட்டனவோ, அதை எழுதி வைத்தவர் எவரும் நம் கண்ணில் படவில்லை.

எங்கள் வண்டி பழைய சிறு லாரி. அதன்மேல் பன்னிரண்டு அடி நீளக் கூண்டு. உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உட்புறம் ஒட்டுப்பலகை. ஓட்டுநரின் தலைக்குமேல் நெற்றிபோல முன்னோக்கி நீண்டிருக்கும் பகுதியில் இருவர் படுத்து உறங்கலாம். முன்னர் எவரோ படப்பிடிப்புக் குழுவினர் இரவுப் பயணத்துக்காகக் கட்டிக்கொண்டதாம். அவர்கள் கழித்துவிட்டதை நாங்கள், ஆசிரியர் மூவரும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவரும், ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பணம் போட்டு வாங்கினோம். கட்டிலை எடுத்தோம், அடுக்குகள் அமைத்தோம், நூல்களை ஏற்றினோம்.

அரியமங்கலம் என்றால் திருச்சிக்காரர்க்கு முதலில் நினைவுக்கு வருவது குப்பைமேடு. ஏறத்தாழ 47 ஏக்கர் நிலம், மாநகர் தின்று துப்பியதையெல்லாம் பல்லாண்டுக் காலம் சுமந்தது. கோடையில் தீப்பற்றிப் புகைந்தால் தஞ்சாவூர்ச் சாலையில் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவர். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றும் பணி பின்னர்த் தொடங்கிற்று. மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து செல்ல வழியில்லாதவர்களும் உண்டல்லவா? அங்கேயே குடியிருப்போர், குப்பையைப் பிரித்தே கூலி பெறுவோர். அவர்தம் பிள்ளைகளுக்காகவே எங்கள் வண்டி வாரம் இருமுறை மாலையில் அத்தெருக்களில் நின்றது. சனிக்கிழமைதோறும் திருவெறும்பூர்ப் பக்கம் போயிற்று. நூலை அங்கேயே படிக்கலாம். வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். முன்பணம் இல்லை, கட்டணம் இல்லை, பெயர் எழுதினால் போதும்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி திருப்பித் தந்த நூல் அடுத்த முறை எடுத்தபோது நனைந்து, ஓரம் பழுப்பேறி, பக்கங்கள் ஒட்டிக் கிடந்தது. வண்டியின் டீசல் செலவை ஏற்றுவந்த பெரியவர் ஒருவர் அன்று உடனிருந்தார். நல்லவர், கொடுக்கும் மனம் உடையவர். பார்த்தார், பதிவேட்டைக் கேட்டார், பெயரைக் கண்டார். "குப்பைமேட்டுக் குடிசை. கூரை ஒழுகாமல் என்ன செய்யும்? இனி அந்தப் பிள்ளைகளுக்கு இரவல் வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும்" என்றார். அவர் கையாலேயே அப்பெயரின் அருகில் 'நூலை நனைத்தார்' என்று எழுதியும் விட்டார். குரலில் கோபம்கூட இல்லை. எல்லார்க்கும் தெரிந்த ஓர் உண்மையை எடுத்துச் சொல்பவர்போலச் சொன்னார்.

சிறுமி அழவில்லை. "எங்க வீட்டுல நனையல சார். அரிசி டப்பாக்குள்ள வச்சிருந்தேன்" என்றாள்.

அரிசி டப்பா! அவள் வீட்டுக் கூரை ஒழுகும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஒழுகும் வீட்டில் வாழ்பவளுக்கு ஒழுகாத இடம் எது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். மழை நாளில் அந்த வீட்டில் நனையக் கூடாத பொருள் அரிசி ஒன்றே. அதனோடு ஒரு நூலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றிரவே அடுக்கைக் குடைந்தோம். அதே வரிசையில், அதே மூலையில், மேலும் இரு நூல்கள். அவற்றிலும் அதே பழுப்புக் கறை. பதிவேட்டைப் புரட்டினோம்; அவ்விரண்டையும் எவரும் எடுத்துச் சென்றதே இல்லை! அந்தப் பழுப்பு மழைநீரின் நிறமும் அன்று. மரத்தில் ஊறி இறங்கிய நீரின் நிறம். சிறுமியின் வீட்டுக் கூரையில் மரப்பலகை ஏது? தலைவர்களின் திருவுருவம் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் துணிதான் அங்கே கூரை. (தேர்தல் முடிந்த பின் அத்துணிகள் மக்களுக்குச் செய்யும் உண்மையான தொண்டு அது ஒன்றுதான்.) ஆக, ஒழுகியது குடிசை அன்று, எங்கள் கூண்டு.

ஆனால் எங்கே? நூலடுக்குக்கு நேர்மேலே கூரையில் ஏறிப் பார்த்தால், தகடு கண்ணாடிபோல் இருந்தது. தையல் இல்லை, திருகு இல்லை, கீறல் இல்லை. இதற்கிடையே ஓட்டுநர் வேறொரு செய்தி சொன்னார்: மழையில் பிரேக் போட்டால் அவர் பிடரியில் தண்ணீர் ஊற்றுகிறதாம்! அடுக்கோ பின்மூலையில், பிடரியோ முன்னால். ஒன்றுக்கொன்று ஒன்பதடித் தொலைவு. "வண்டிக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடையுங்கள், எலுமிச்சையைச் சக்கரத்தின் கீழ் வையுங்கள்" என்றார் அண்டைக் கடைக்காரர். எலுமிச்சை நல்ல பொருள்தான். சாறு பிழிந்து குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

வழிகாட்ட வந்தவர் பொன்மலைப் பணிமனையில் பெட்டிகளுக்குக் கூரை வேய்ந்து ஓய்வு பெற்ற தொழிலாளர். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1928 வாக்கில். அதன்பின் இத்திருச்சியில் தகட்டையும் திருகையும் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர் வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. "மழை பெய்யும்போது வண்டி எப்படி நின்னுச்சு?" என்று கேட்டார். நிற்கும் இடத்தில் ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பிடித்தார். பின்புறம் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. "தண்ணி பொய் சொல்லாது தம்பி. ஆனா வந்த வழியையும் சொல்லாது. நாமதான் கேட்டு வாங்கணும்" என்றார்.

அருகில் நின்ற சிறுமி சட்டெனச் சொன்னாள்: "எங்க வீட்டுலயும் சொட்டுற எடத்துக்கு மேல ஓட்டை இருக்காது தாத்தா. எங்கேயோ நுழைஞ்சு, மூங்கிலைப் புடிச்சுக்கிட்டே வந்து, முடிச்சு வர்ற எடத்துல சொட்டும்."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த டார்ச் விளக்கையும் சுண்ணக்கட்டியையும் அவளிடம் கொடுத்தார். "அப்ப நீ உள்ள இரு."

அவள் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. நீர் தட்டையான பரப்பின் அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு ஊரும். ஓர் ஆணி நுனியோ முடிச்சோ தடுக்கும்போதுதான் திரண்டு சொட்டும். இரு தகடுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீர் தானே உள்ளேறும். வண்டி ஓடும்போது காற்றும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதும் காற்றின் அழுத்தம், நீரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் உயரம் மேல்நோக்கியே தள்ள வல்லது! கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பாடந்தான். நிற்கும் வண்டியில் ஒரு சொட்டும் விடாத இடுக்கு, ஓடும் வண்டியில் ஊற்றாகிவிடும்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உள்ளே ஒட்டுப்பலகையைப் பாதி கழற்றியிருந்தோம். வெளியே தோட்டத்துக் குழாய். நீரைப் பீய்ச்சக் கூடாது, மழைபோல் வழியவிட வேண்டும். பீய்ச்சினால் மழை ஒருநாளும் நுழையாத இடத்திலும் நீர் நுழைந்து, இல்லாத குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். கீழிருந்து தொடங்க வேண்டும் என்பது பெரியவரின் கண்டிப்பான விதி. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடுக்குகளையும் நனைத்துவிடும். பிறகு எது நுழைந்த வாசல் என்று யார் சொல்வது? முதலில் கதவின் அடிவரம்பு, பிறகு சன்னல், பிறகு பக்கவாட்டுத் தையல், பிறகு முன்நெற்றி, கடைசியில் கூரை. ஒவ்வோரிடத்திலும் இருபது நிமிடம். ஒன்று முடிந்து உலரும்வரை அடுத்தது இல்லை.

பொறுமை போய்விடும் வேலை. ஆறு மணிநேரம் ஆயிற்று. பின்சன்னலின் கீழ்மூலையில் சிறு கசிவு. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கூரை நடுவே ஒரு காற்றுப்போக்கி உண்டு. அதைச் சுற்றி யாரோ தாரைப் பூசிப் பூசிக் கறுப்புக் கோட்டையே எழுப்பியிருந்தனர். 'குற்றவாளி இவன்தான்' என்று அத்தனை பேரும் முதல்நாள் முதல் சுட்டிய இடம் அது. அதன்மேல் இருபது நிமிடம் நீர் ஊற்றினோம். ஒரு சொட்டும் இல்லை. தோற்றத்தைத் தவிர அதன்மேல் குற்றம் எதுவும் இல்லை!

கூரைக்கு முன்பே பிடிபட்டிருந்தது நெற்றி. அங்கே வரிசையாக மூன்று சிறு விளக்குகள், இரவில் வண்டியின் உயரத்தைக் காட்டுவதற்கானவை. வலது விளக்கின்மேல் நீர் வழியத் தொடங்கிப் பதினொரு நிமிடம் கழிந்தபின் உள்ளிருந்து குரல் வந்தது: "சொட்டுது!" பின்மூலை அடுக்கின்மேல், அடுக்கைப் பிடித்திருந்த திருகின் நுனியில் முதல் துளி. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தாள். கூரைச் சட்டத்தின் ஓரமாகப் பளபளவென்று ஒரு கோடு. சுண்ணக்கட்டியால் அக்கோட்டைத் தொடர்ந்தாள். அடுக்கிலிருந்து புறப்பட்ட வெள்ளைக் கோடு ஒன்பதடி நடந்து நெற்றி விளக்கில் போய் நின்றது. வண்டி பின்சாய்ந்து நின்றால் நீர் பின்னே ஓடி நூலை நனைக்கிறது. பிரேக் போட்டால் முன்னே ஓடி ஓட்டுநரின் பிடரியை நனைக்கிறது. முறையீடு இரண்டு, மூலம் ஒன்று.

பதினொரு நிமிடம் என்பதைக் கவனியுங்கள். இடத்துக்கு ஐந்து நிமிடமே ஒதுக்கியிருந்தால், அந்தச் சொட்டு விழும்போது குழாய் வேறெங்கோ இருந்திருக்கும். பழியும் அங்கே போயிருக்கும்.

விளக்கைச் சுற்றித் துளை சரியாக எது என்பதை அறிய மாணவர் ஒரு வழி கொண்டுவந்தார். பட்டறை உலைக்குக் காற்றூதும் சிறிய ப்ளோயரைச் சன்னலில் பலகை வைத்துப் பொருத்தினார். மற்றச் சன்னல்களையும் காற்றுப்போக்கியையும் ஒட்டுநாடாவால் மூடினார். கூண்டுக்குள் காற்று மெல்ல நிறைந்தது. வெளியே சோப்பு நீரைத் தூரிகையால் பூசினோம். திருகுத் துளை இரண்டு, மின்கம்பி நுழையும் துளை ஒன்று, கூரையோர மடிப்பில் ஊசிமுனையளவு ஒன்று: நான்கிடத்தில் குமிழி குமிழியாய் நுரை பூத்தது. தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டனர். அன்று நடந்த அறிவியல் பாடத்தை எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஓராண்டு முயன்றாலும் நடத்த முடியாது; அங்கே ஆய்வகத்தின் சாவி எப்போதும் வேறெவரிடமோ இருக்கும்.

முன்னர் வைத்திருந்தவர்கள் இந்த விளக்கை அடைக்காமல் விடவில்லை. சிலிக்கான் பசை, அதன்மேல் எம்-சீல், அதன்மேல் தார். மூன்றும் ஏன் தோற்றன? பன்னிரண்டு அடி அலுமினியத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 40 பாகை சூடேறினால் 3.3 மில்லிமீட்டர் நீளும். கீழேயுள்ள மரச்சட்டம் அதே சூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. நாள்தோறும் தகடு மரத்தின்மேல் ஊர்ந்து, ஊர்ந்து, திருகுத் துளையை நீள்வட்டமாக்குகிறது. எம்-சீல் கல்லாக இறுகும் பொருள், கல்லுக்கு வளையத் தெரியாது, வெடித்தது. சிலிக்கான் வளையும், ஆனால் அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பழைய சிலிக்கான்மேல் பூசிய எதுவும் பூசியவர் மனத்தில் மட்டுமே ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு இரும்புத் திருகுகள்: ஈரம் பட்டால் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து சிறு மின்கலமாகிவிட, அலுமினியம் அரித்து வெண்பொடியாய் உதிர்ந்திருந்தது.

பழையது முழுவதையும் மரச்சீவுளியால் சுரண்டி, தின்னர் தொட்டுத் துடைத்தோம். பாதிநாள் அதிலேயே போயிற்று. பெரியவர் மும்முறை "இன்னும் இருக்கு" என்றார். விரிந்த துளைகளில் மரமுளை இறக்கினோம். விளக்கின் அடியில் பியூட்டைல் நாடா. துருப்பிடிக்காத எஃகுத் திருகு, ரப்பர் வாஷருடன். சுற்றிலும் லாரிக் கண்ணாடி ஒட்டுவோர் வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை. கப்பல் தச்சர்கள் பலகை இடுக்கில் கயிற்றுத் திரியைத் திணித்துக் குங்கிலியம் பூசுவதைக் கலப்பற்று என்பர். நாங்கள் செய்ததும் அதன் பேரப்பிள்ளைதான். ஒன்று மட்டும் எங்களுக்குப் புதுமை: விளக்கின் மூன்று பக்கமும் பசை, அடிப்பக்கம் வெறுமை. "எப்படியும் ஒருநாள் உள்ள போகும். போன தண்ணி வெளிய வர வழி வேணும்ல?" என்றார் பெரியவர். விளக்குகளுக்கு மேலே தகட்டை மடித்து ஒரு சிறு தாழ்வாரம். சன்னலுக்குப் புதிய ரப்பர். பசையின்மேல் வெயில் தின்னாதிருக்கப் பெயிண்ட்.

உள்ளே சட்டத்தைக் குத்தூசியால் குத்திப் பார்த்ததில் இரண்டடி நீளம் வெண்ணெய்போல் இறங்கிற்று. வெட்டியெடுத்துப் பழைய தேக்குத் துண்டைப் பொருத்தினோம். மற்றதை மூன்று நாள் மின்விசிறியில் உலர்த்தினோம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் உளுக்கும் பூஞ்சைக்கு வாழ்வில்லை. ஈரத்தோடு பலகையை மூடினால், எந்தப் பசையும் பயனில்லை.

அதன்பின் இரு பெருமழை வந்தன. அடுக்கில் பரப்பி வைத்த செய்தித்தாள் உலர்ந்தே கிடந்தது. ஆனால் மார்கழி விடியலொன்றில், மழையே இல்லாத நாளில், திருகு முனைகளில் மீண்டும் துளிகள்! "கேட்டீர்களா? கண்ணேறு!" என்றார் கடைக்காரர். அன்றிரவு கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு ஓட்டுநரும் மாணவரும் உள்ளே உறங்கியிருந்தனர். துளி தங்கிய தகட்டைத் துடைத்து, ஒரு சாண் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டினோம். மறுநாள் தாளின் வெளிப்பக்கம் ஈரம். தகட்டை ஒட்டிய உட்பக்கம் உலர்ச்சி. நீர் தகட்டின் வழியே வரவில்லை. உறங்கியவர்களின் மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியானது. காற்றுப்போக்கியைத் திறந்து வைத்தோம், துளி நின்றது. முன்பு பொய்ப்பழி சுமந்த அதே காற்றுப்போக்கி!

டீசல் கொடுக்கும் பெரியவரை அழைத்து வந்தோம். மூன்று நூல்களையும் பதிவேட்டையும் அழியாமல் விட்டிருந்த சுண்ணக் கோட்டையும் காட்டினோம். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தலையைத் தூக்கியபடி நடந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரவல் தொடரட்டும்" என்றார். சிறுமியிடம் ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். டீசல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

மீந்த பியூட்டைல் நாடாவை அவள் தாய் வாங்கிச் சென்று ஃப்ளெக்ஸ் கூரையின் கிழிசலில் ஒட்டிப் பார்த்தார். ஒரு வாரம் நின்றது. மனையும் சுவரும் சொந்தமில்லாத வீட்டின் கூரையைப் பசை கொண்டு நிறுத்த முடியவில்லை. அதற்கான மனு எழுதி, நாங்கள் சுமந்து திரியும் கதை வேறு, இன்னும் முடியவில்லை.

அடுத்த முறை அவள் நூல் எடுக்க வந்தபோது பதிவேட்டில் 'நூலை நனைத்தார்' என்ற வரியை அடித்தோம். பக்கத்தில், 'கூரை ஒழுக்கு. முன்நெற்றி, வலது விளக்கு' என்று நாளிட்டு எழுதிக் கையொப்பமிட்டோம். குனிந்து படித்தாள்.

"ரெண்டு திருகு ஓட்டை, ஒரு கம்பி ஓட்டை, மூலையில ஒண்ணு. அதையும் எழுதுங்க சார்" என்றாள்.

எழுதினோம்.